குளத்தில் கற்றவளும் கடலில் கற்க நினைத்தவரும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடங்களாக அவளுக்கு ஒரே வேலை. லென்ஸை அளப்பாள், ஓரத்தைத் தேய்ப்பாள், ஃப்ரேமைச் சூட்டில் காட்டி நெகிழவைத்து லென்ஸை அழுத்திப் பொருத்துவாள், காதோரம் வரும் சின்னத் திருகை முடுக்குவாள், துடைத்து உறையில் போடுவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. காலையில் விழித்ததும் அவள் கை முதலில் துழாவுவது பக்கத்தில் படுத்திருக்கும் கணவரை அல்ல, தலைமாட்டில் இருக்கும் கண்ணாடியை.

"என்னை முதல்ல தேடினா என்ன, குறைஞ்சா போயிடுவ?" என்பார் அவர்.

"கண்ணாடியைப் போட்டாத்தானே நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியும்" என்பாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அவருக்கு நாற்காலியில் உட்காருவது மாதிரி. நீச்சலிலும் கெட்டிக்காரர். அவளோ தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்பவள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இறங்குவதற்கு முன் அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்தார்கள். அவ்வளவுதான், கரை, டீச்சர், தோழிகள், ஏணி எல்லாம் ஒரே நீலக் கஞ்சியாகக் கரைந்துவிட்டன. யாரோ "குதி, குதி" என்றார்கள். எங்கே குதிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. யாரோ முதுகில் தள்ளினார்கள். அன்று குடித்த தண்ணீரோடு சரி, பிறகு நாற்பது வருடம் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவள் இறங்கியதில்லை.

கணவர் வேலையில் சேர்ந்து முப்பது வருடம் ஆனதற்கு, கம்பெனி ஒரு உறையை நீட்டியது. ஒரு தீவில் ஏழு நாள், இரண்டு பேருக்கு. ஒரு வருடத்துக்குள் போய்வர வேண்டும். உள்ளே இருந்த வண்ணத் தாளில் நீலக் கடலும், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே மிதக்கும் ஒரு ஜோடியும். கீழே, 'நான்கே நாட்களில் ஸ்கூபா சான்றிதழ்' என்று கொட்டை எழுத்து.

"ரெண்டு பேரும் அங்கேயே கத்துக்கிறோம்" என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

"நீங்க கத்துக்குங்க. நான் கரையில உக்காந்து உங்க செருப்பைப் பாத்துக்கறேன்."

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் கடைக்கு ஒருத்தி வந்தாள். அகன்ற தோள், ஒட்ட வெட்டிய முடி, கிட்டே வந்தாலே குளோரின் வாடை. நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சலும் ஸ்கூபாவும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். முகத்தில் மாட்டும் ஒரு மாஸ்க்கை மேசைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கற கண்ணாடியை எடுத்துட்டு பவர் லென்ஸ் மாட்ட முடியுமா அக்கா? என்கிட்ட படிக்கிற ஒருத்தருக்கு மைனஸ் ஆறு. அடியில போனா என் கையே தெரியலங்கிறார்."

கண்ணாடியக்கா அந்த மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் அவள் கைவழியாகப் போயிருக்கின்றன. தண்ணீருக்குள்ளேயும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தண்ணீர் கசியாமல் லென்ஸை உட்காரவைக்க மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள், இன்னொரு மாஸ்க் வாங்கி, அதில் மைனஸ் எட்டைப் பொருத்தினாள். கணவரிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

"சும்மா, பாக்க மட்டும்தான் டீச்சர்."

"பாருங்க. அதுக்கு யாரைக் கேக்கணும்?"

ஆழம் குறைந்த பக்கம் இறங்கி, இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். அடியில் சதுரம் சதுரமாக ஓடுகள். ஒரு ஓட்டின் மூலையில் கீறல். யாரோ தொலைத்த தலைமுடிக் கிளிப் ஒன்று. அந்தப் பக்கம் நீந்திப் போகும் ஒருவரின் கால் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. தலையைத் தூக்கியபோது மாஸ்க்குக்கு உள்ளேயே கண் கலங்கி, எல்லாம் மறுபடி மங்கிவிட்டது.

"என்னக்கா, தண்ணி உள்ள போயிடுச்சா?" என்றாள் டீச்சர்.

"இல்ல, இது உள்ளேயிருந்து வந்தது."

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தை உடைத்தாள். கணவர் முதலில் சிரித்தார், பிறகு வாதாடினார். "அங்க கண்ணாடி மாதிரி கடல், வெதுவெதுன்னு தண்ணி. நாலே நாள்ல சொல்லிக்குடுக்கறான். அதை விட்டுட்டு இங்க குளோரின் தண்ணில மாசக்கணக்கா மூழ்கணுமா?"

"நீங்க நாலு நாள்ல கத்துப்பீங்க. எனக்கு நாலு நாள் பயப்படறதுக்கே பத்தாது."

"அப்போ நீ இங்க கத்துக்கோ, நான் அங்க கத்துக்கறேன். கடைசில ரெண்டு பேரும் ஒரே கடல்லதானே இருக்கப் போறோம்."

இப்படித்தான் அது முடிவாயிற்று.

நீச்சல் பழகவே மூன்று மாதம் பிடித்தது. மாஸ்க்கும் துடுப்பும் மாட்டிக்கொண்டு முந்நூறு மீட்டர் நீந்திக் காட்டினால் போதும் என்றாள் டீச்சர். அதை முடித்தபோது கண்ணாடியக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். சிலிண்டரை மாட்டிக்கொண்டு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து மூச்சு விடும்போது வந்த அந்தக் குமிழிச் சத்தம்கூட அவளுக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு பாடம் வரும் வரையில்.

தண்ணீருக்கடியில் மாஸ்க்கை முழுதாகக் கழற்ற வேண்டும். சற்று நேரம் அது இல்லாமல் மூச்சு விட வேண்டும். பிறகு மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி, உள்ளே நிறைந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மற்றவர்களுக்கு இது மூக்கில் தண்ணீர் ஏறும் தொந்தரவு மட்டும்தான். அவளுக்கோ மாஸ்க் முகத்தை விட்டு நகர்ந்ததுமே பதினோரு வயது வந்துவிடும். ஓடு, டீச்சர், மேலே விளக்கு எல்லாம் அதே நீலக் கஞ்சி. விழுந்தடித்துக்கொண்டு மேலே வருவாள். முதல் வாரம் ஆகவில்லை. இரண்டாவது வாரமும் ஆகவில்லை. மூன்றாவது வாரம், "என்னால மத்தவங்களுக்குத் தாமதம் டீச்சர். நான் நிறுத்திக்கறேன்" என்றாள்.

"நாம என்ன விமானத்தையா பிடிக்கணும்? அடுத்த வாரமும் இந்தக் குளம் இங்கதான் இருக்கும். நானும் இருப்பேன்" என்றாள் டீச்சர்.

அன்றிலிருந்து வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய வாளி. மாஸ்க் இல்லாமல், வாயில் மூச்சு விடும் குழாயை வைத்துக்கொண்டு, முகத்தை அதற்குள் அமிழ்த்துவாள். கணவர் முக்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... மூக்கால இழுக்காத, வாயால இழு... அஞ்சு... ஆறு..." வேலை முடிந்து கிரீஸ் கறையோடு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் ஏழோடு தும்மிக்கொண்டு எழுந்தாள். ஒரு வாரத்தில் முப்பதைத் தொட்டாள். அறுபது வந்த நாளில் அவர் துள்ளிக் குதித்ததில் வாளி கவிழ்ந்து, வாசல் மிதியடி வரை நனைந்தது.

அடுத்த ஞாயிறு குளத்தின் அடியில் அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒண்ணு, ரெண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். எண்ணியது அவர் குரல். இருபது வந்ததும் நிதானமாக மாட்டி, மூக்கால் ஊதினாள். கண்ணைத் திறந்தால் எதிரே டீச்சர் கைதட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் கைதட்டினால் சத்தம் வராது என்பதை அன்றுதான் கவனித்தாள்.

கடைசியாக நாலு முக்குளிப்பு திறந்த நீரில் செய்தாக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி, தண்ணீர் நிறைந்து ஏரியாகிக் கிடந்தது. பச்சைத் தண்ணீர். கையை நீட்டினால் விரல் நுனி வரை தெரியும், அதற்கு மேல் தெரிந்தால் அதிர்ஷ்டம். பல் தந்தியடிக்கும் குளிர். மீன் என்று பார்த்தால் நாலைந்து சாம்பல் நிறக் குஞ்சுகள். பயிற்சிக்காக யாரோ இறக்கிவைத்த ஒரு பழைய கார், அதன் ஸ்டியரிங்கில் பாசி. ஆனாலும் அவள் நிதானமாகவே இருந்தாள். கரையில் கணவர் துண்டையும் தேநீர் ஃபிளாஸ்கையும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் எழும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே, அவை போகிற பக்கமெல்லாம் தானும் நடந்துகொண்டிருந்தார் என்று டீச்சரின் உதவியாளர் பிறகு சொன்னார். பாறை, சேறு, முள் எதையும் பார்க்கவில்லையாம். இரண்டாவது ஞாயிறு சான்றிதழ் கிடைத்தது. அட்டையில் இருந்த புகைப்படத்தில் நனைந்த கோழி மாதிரி இருந்தாள். கணவர் அதை நாலு லிஃப்ட் கம்பெனிக்காரர்களிடம் காட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

தீவுக்குப் போனார்கள். தாளில் இருந்ததைவிடக் கடல் நீலம். ஆனால் நாள் கணக்கு அங்கே போனபிறகுதான் உறைத்தது. ஏழில் வர ஒரு நாள், போக ஒரு நாள். முக்குளித்த உடம்போடு விமானம் ஏறக் கூடாது என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாளும் போயிற்று. மிச்சம் நாலே நாள். அவருடைய பயிற்சியும் நாலு நாள். இடையில் ஒரு தும்மலுக்குக்கூட இடமில்லை.

தும்மல் விமானத்திலேயே தொடங்கிவிட்டது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் முழுக்கப் படமும் பாடமும், பிறகு கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர். சொல்லிக்கொடுத்தவர் வழுக்கைத் தலையும் வெயிலில் தோலுரிந்த மூக்குமாக ஒரு மாஸ்டர். தண்ணீருக்குள் அவர் 'எப்படி இருக்கிறது' என்று சைகையில் கேட்க, இவர் உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முக்குளிப்பவர்கள் மொழியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். மாஸ்டர் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். மறுபடி இறங்கினார்கள், மறுபடி கேட்டார், மறுபடி கட்டைவிரல். மூன்றாவது தடவை மாஸ்டர், "சார், நல்லா இருக்குன்னா விரலை வளையமா காட்டுங்க. இல்லன்னா நாம இன்னைக்கு முழுக்க லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிட்டே இருப்போம்" என்றார். கரைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கண்ணாடியக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடை ஆடியது.

அவள் அன்றே கடலில் இறங்கியிருக்கலாம். சான்றிதழ் கையில் இருந்தது. "நீங்க முடிங்க, சேர்ந்தே போலாம்" என்று காத்திருந்தாள்.

இரண்டாம் நாள் படகில் போனார்கள். அவள் படகிலேயே இருந்தாள். கணவரும் மாஸ்டரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தன. பின்னாலேயே கணவரின் தலை. மாஸ்க்குக்குள் மூக்கிலிருந்து வடிந்த ரத்தச் சிவப்பு.

"என்னங்க! என்னங்க ஆச்சு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். அத்தனை உயரமான மனிதரை அவளும் மாஸ்டருமாக இழுத்துப் படகில் போட்டார்கள். நாலு மீட்டரிலேயே காது வலித்திருக்கிறது. வலித்தால் நின்று, கொஞ்சம் மேலே வந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். அவர் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். உள்ளே ஏதோ 'டப்' என்றதாம்.

தீவின் சின்ன மருத்துவமனையில் டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தாள். "கிழியல, உங்க நல்ல நேரம். ஆனா உள்ள நல்லா வீங்கியிருக்கு. சளியோட யாராவது இறங்குவாங்களா? மூணு வாரத்துக்குத் தலைக்குத் தண்ணியே ஊத்தக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

அறைக்குத் திரும்பியதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் திட்டுவதற்கு ஒரு பாட்டம் தயாராக வைத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் காலை அவரே எழுப்பினார். "மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். எட்டு மணிப் படகு. நீ போயிட்டு வா."

"நீங்க இல்லாம எனக்குக் கடல் என்னத்துக்கு?"

"வாளிக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு அறுபது வரைக்கும் யார் கிடந்தா? நானா? போ. போய் எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

போனாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சரிசெய்துகொண்டு, மெல்ல இறங்கினாள். குவாரியின் பச்சை இருட்டில் பழகியவளுக்கு இங்கே பார்வை ஒரு தெருவின் கடைசி வரைக்கும் ஓடியது. உடம்பில் குளிரில்லை. கையில் பதற்றமில்லை. கற்றுக்கொள்ள இனி எதுவும் மிச்சமில்லாததால் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. பவளப் பாறையை ஒரு நீலப் பச்சை மீன் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறக் கறக் சத்தம் கடையில் லென்ஸ் தேய்ப்பது மாதிரியே கேட்டது. ஆமை ஒன்று பாறையிடுக்கில் தலையை மட்டும் செருகிக்கொண்டு தூங்கியது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து அவளைச் சுற்றிப் பிரிந்து அந்தப் பக்கம் போய் ஒன்றுசேர்ந்துகொண்டன. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம் அவளை அரித்தது. வரிசை மறக்காமல் இருக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வராந்தாவில் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார். "இந்தப் பக்கம் வா. அந்தக் காது கேக்கல." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனாள். முகத்தை அவர் காதருகே வைத்துச் சொன்னாள். எண்ணி வைத்திருந்த விரல்கள் தீர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமை எவ்வளவு பெரிசு என்று அவர் கேட்டார். மேசையைக் காட்டினாள். "அவ்வளவா?" "அதுல பாதி. சரி, முக்கால்."

பிறகு அவர் சொன்னார், "மூக்கடைச்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா இறங்கினீங்க?"

"ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சே. நாள் இல்ல." விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அது மட்டும் இல்ல. தண்ணின்னாலே பயப்படறவ நீ. நீ முன்னால போயிட்ட. நாலே நாள்ல ஓடி வந்து உன்னைப் பிடிச்சுடலாம்னு பாத்தேன்."

"பிடிச்சு?"

"பிடிச்சு என்ன? பக்கத்துல இருந்திருப்பேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் உடனே மாட்டிக்கொள்ளவில்லை. "நான் எங்கேயும் போகல. ஊர்ல குளம் அங்கேயேதான் இருக்கு" என்றாள்.

ஊர் திரும்பி, காது ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன வாரமே அவர் குளத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். யாரும் சொல்லிப் போகவில்லை. ஆனால் நாலு மீட்டர் ஆழத்துப் பக்கம் வந்ததும் அந்த 'டப்' நினைவுக்கு வந்து கை கால் விறைத்துவிடும். எட்டு மாடிக் குழிக்குள் தொங்குகிறவர், குளத்தின் ஏணியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரம் அவரை இரண்டு மீட்டரிலேயே வைத்திருந்தாள். கண்ணாடியக்கா எதிரே மண்டியிட்டு, தன் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காட்டுவாள். அவர் அதைப் பார்த்து ஊதுவார். காது திறந்ததும் கண் விரியும். ஒரு அடி இறங்குவார்கள். மறுபடி ஊதுவார்கள். மூன்று மாதத்தில் அடியைத் தொட்டார்.

குவாரி ஏரியில் அவருடைய கடைசி முக்குளிப்புக்குத் துணையாக அவளைத்தான் இறக்கினாள் டீச்சர். அதே குளிர், அதே பச்சை. ஓரிடத்தில் சாம்பல் மீன்குஞ்சுகள் அவர் தலைக்குப் பின்னால் ஒரு கொத்தாக வந்து நின்றன. அவருக்குத் தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். அவர் அசையாமல் பார்த்தார். சின்ன மீன்கள்தான், விரல் நீளம்கூட இல்லை. அவற்றை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தீவுக்கு அவர்கள் இன்னும் மறுபடி போகவில்லை. போவோம் என்கிறார்கள், இப்போது அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஏரிக்குப் போகிறார்கள். கரையேறியதும் நடக்கும் கூத்துதான் பார்க்க வேண்டும். தடித்த ரப்பர் உடை ஈரத்தில் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஒருவர் தனியாகக் கழற்ற முடியாது. அவர் பாறையில் உட்கார்ந்து காலை நீட்ட, அவள் குதிகாலைப் பிடித்து இழுப்பாள்.

"மெதுவா! காலோட வந்துடப்போகுது!"

"வந்தா வரட்டும், வீட்டுல போய் மாட்டிக்கலாம். இறுக்கமா பிடிச்சுக்குங்க."

போன தடவை உடை சட்டென்று கழன்றதில் அவள் பின்னால் சேற்றில் உட்கார்ந்தாள். அவரும் பாறையிலிருந்து சரிந்து பக்கத்தில் விழுந்தார். இரண்டு பேரும் எழுந்திருக்க முயலவே இல்லை. சிரித்து ஓய்ந்த பிறகு அவள் தன் காலை நீட்டினாள்.

"இப்போ என்னுதை இழுங்க."